‘பால் பத்தலை’ என்று சொல்வதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

தாய்ப்பால் கொடுப்பதில் வரும் சிக்கல்களைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். எத்தனை மணிக்கு ஒலிபரப்புவீர்கள் என்று கேட்டேன். காலை பதினொன்றரை என்றார்கள். பிள்ளை பெற்றுப் பத்து நாளான பெண் அந்த நேரத்தில் வானொலி கேட்க மாட்டாள். குழந்தை கண்ணயர்ந்திருந்தால் அவளும் தூங்கிக்கொண்டிருப்பாள். தூங்கட்டும், எழுப்பாதீர்கள். இப்போது கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அவளுக்குப் பத்தியக் குழம்பு வைக்கும் அம்மா, மாமியார், வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கும் கணவர். அதனால் உங்களிடமே பேசிவிடுகிறேன். பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே நான் பார்த்த வரைக்கும், பல பெண்கள் பால் கொடுப்பதைப் பாதியில் விட்டதற்குக் காரணம் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் சொன்ன ஒரு பேச்சுதான்.

“பால் பத்தலை போலிருக்கே.”

பிரசவமான மறுநாளே இதைச் சொல்லிவிடுகிறார்கள். பார்க்க வந்த பெரியம்மா ஆப்பிள் பையைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிடுவார். குழந்தை அழுதால் பால் பத்தலை. ரொம்ப நேரம் குடித்தால் பால் பத்தலை. சட்டென்று குடித்து முடித்துவிட்டாலும் பால் பத்தலை.

முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, கொஞ்சமாகத்தான் வரும். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் அளவு போனாலே போதும், அந்த வயிறு அவ்வளவுதான் கொள்ளும். நோயைத் தடுக்கும் பொருள்கள் நிறைந்த அந்தப் பாலைக் ‘கெட்ட பால்’ என்று பீய்ச்சிக் கீழே விடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பால் நன்றாக இறங்குவது பெரும்பாலும் மூன்றாம் நாளை ஒட்டித்தான். தலைப்பிரசவம், சிசேரியன் என்றால் இன்னும் ஓரிரு நாள் தள்ளிப்போகலாம். இதற்குள் குழந்தையின் எடையும் கொஞ்சம் இறங்கும். 3 கிலோவாகப் பிறந்த குழந்தை 2 கிலோ 800 கிராமுக்கு வருவது வழக்கம்தான். நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் இறங்கினால் டாக்டர் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டு மூன்று நாள் இடைவெளியில்தான் டப்பா பால் வீட்டுக்குள் வருகிறது. ஒரு புட்டி குடித்த குழந்தை மூன்று மணி நேரம் தூங்கும். “பார்த்தியா, வயிறு நிறைஞ்சதும் எப்படித் தூங்குது” என்பார்கள். அந்த மூன்று மணி நேரமும் மார்பில் வாய் வைக்க ஆள் இல்லை. இறைக்கிற கிணறுதானே ஊறும்? குழந்தை சப்பும்போதுதான் தாயின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டினை விடுகிறது, அதுதான் பாலைச் சுரக்க வைக்கிறது. காலியாகாத மார்பு சுரப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். இப்படி நாலு நாள் புட்டி கொடுத்தால், பொய்யாகச் சொன்ன ‘பத்தலை’ நிஜமாகிவிடும்.

ஆக்ஸிடோசின் என்று இன்னொன்று இருக்கிறது. சுரந்த பாலை வெளியே தள்ளுவது அதன் வேலை. வலி, பயம், கூச்சம் எல்லாம் அதைத் தடுக்கும். பத்துப் பேர் முன்னால் ஒரு பெண்ணின் மார்பைப் பார்த்துக் குறை சொன்னால், இருக்கிற பாலும் இறங்காது. அவளைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை, உடம்பு வேலை செய்கிற விதமே அப்படித்தான்.

சரி, பத்துகிறதா இல்லையா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? அழுகையை விடுங்கள், துணியைப் பாருங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது நன்றாக நனைத்திருக்க வேண்டும். முதலில் கருப்பாகப் போன மலம் மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, அப்புறம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். இவை சரியாக இருந்தால் பால் பத்துகிறது, பேச்சை நிறுத்திவிடலாம். டயப்பர் போட்டால் இந்தக் கணக்கு சரியாகத் தெரியாது. முதல் மாதத்துக்குத் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்த துணியை மிஞ்ச ஒன்றுமில்லை என்பது என் கட்சி. மாமியார்களே, இந்தத் துணிக் கணக்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் டாக்டரிடம் கொண்டு போங்கள், குறையவில்லை என்றால் மருமகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பல குழந்தைகள் மார்பை விட்டு இறங்கவே இறங்காது. குடிக்கும், விடும், அழும், மறுபடியும் கேட்கும். அது பசி ஆறாததால் அல்ல, சின்னக் குழந்தைகளின் வழக்கமே அப்படி. ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை கொடுக்க வேண்டியிருக்கும், ராத்திரியும் இதில் சேர்த்தி. ராத்திரியில் புரோலாக்டின் கூடுதலாக இருக்கும் என்பதால் அந்த வேளையை விடக் கூடாது. கணவர்மார் “நான் என்ன செய்ய முடியும்” என்று கேட்கிறார்கள். குழந்தையைத் தூக்கி வந்து கொடுக்கலாம், குடித்த பின் தோளில் போட்டு ஏப்பம் விட வைக்கலாம், துணி மாற்றலாம், அவள் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைக்கலாம். பால் கொடுப்பது ஒன்றுதான் உங்களால் முடியாதது.

2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 பிரசவங்கள் சிசேரியன். கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில் நடக்கிற மாநிலம் இது. அப்படியிருந்தும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் நூற்றுக்கு 60 பேர்தான். முதுகில் ஊசி போட்டுச் செய்த சிசேரியனில் தாய் விழித்துத்தான் இருக்கிறாள், அவள் சீக்கிரமே பால் கொடுக்கலாம். தையல் மேல் பாரம் படாமல் ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம். அல்லது குழந்தையின் உடம்பு தாயின் கக்கத்துப் பக்கமாக, கால் முதுகுப் பக்கம் போகும்படி தலையணை மேல் வைத்துக் கொடுக்கலாம். ஆனால் அவளால் தனியாகக் குழந்தையை எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. அந்த அறையில் ஆளுக்கொரு செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் எழுந்தால் போதும்.

அடுத்தது காம்பு வெடிப்பு. ரத்தம் கசியக் கசியப் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். “தாயானா வலியைத் தாங்கத்தான் வேணும்” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். முதல் சில நாள், வாய் வைத்த முதல் சில நொடி சுரீரென்று இருக்கலாம். அதற்கு மேல் வலித்தால் குழந்தை பிடித்திருக்கும் விதம் தப்பு. காம்பை மட்டும் கவ்வினால் வெடிக்கத்தான் செய்யும். வாயைப் பெரிதாகத் திறக்கும் வரை காத்திருந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே போகும்படி குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து குனிந்து மார்பைக் குழந்தைக்குக் கொண்டுபோனால் இடுப்பும் போகும், பிடியும் தவறும். மோவாய் மார்பைத் தொட வேண்டும், கீழ் உதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும், வயிற்றோடு வயிறு ஒட்டியிருக்க வேண்டும். சரியில்லை என்றால் வெடுக்கென்று இழுக்காமல், சுண்டு விரலை வாயோரத்தில் விட்டு எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். வெடித்த இடத்தில் சோப்புப் போடாதீர்கள். கொஞ்சம் தாய்ப்பாலையே தடவிக் காற்றாட விட்டால் போதும். பிடி சரியாகியும் வலி போகவில்லை என்றால் குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்று டாக்டர் பார்க்கட்டும்.

காம்பு உள்ளிழுத்திருக்கும் பெண்களிடம் “உனக்கு முடியாது” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். குழந்தை சப்புவது மார்பை, காம்பை மட்டும் அல்ல என்பதால் பலருக்கு அது தடையே இல்லை. தடையாக இருந்தாலும் வழி உண்டு. கர்நாடகத்தில் தாவணகெரே குழந்தை மருத்துவர்கள் 1993இல் எழுதிய ஒரு முறை இப்போது பல ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது. 10 மில்லி சிரிஞ்சின் ஊசி மாட்டும் முனையை வெட்டி, தண்டை வெட்டிய பக்கமாக உள்ளே செலுத்தி, வழுவழுப்பான பக்கத்தைக் காம்பின் மேல் வைத்து மெதுவாக இழுப்பார்கள். காசு அதிகம் ஆகாது. நர்ஸிடம் ஒரு தடவை காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

பால் கட்டிக்கொண்டால் மார்பு கல் மாதிரி ஆகும், குழந்தையால் பிடிக்கவே முடியாது. கொடுப்பதற்குச் சற்று முன்னால் இளஞ்சூட்டுத் துணி, கையால் கொஞ்சம் பீய்ச்சிக் கருவட்டத்தை மிருதுவாக்குதல், கொடுத்து முடித்ததும் குளிர்ந்த துணி, இவ்வளவுதான் வைத்தியம். இங்கே ஒரு எச்சரிக்கை. பால் கட்டினால் மல்லிகைப்பூ வைத்துக் கட்டு என்பார்கள். அது மூடநம்பிக்கை இல்லை, அதுதான் வம்பு. 1988இல் வெளியான ஓர் ஆய்வில் வேலூர் மருத்துவர்கள், மார்பில் மல்லிகையைக் கட்டுவதையும் பால் வற்றக் கொடுக்கும் ஒரு மாத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பூவும் பாலைக் குறைத்தது. குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கு நம் பாட்டிமார் பூவைக் கட்டியது அனுபவத்தில்தான். பால் வேண்டும் என்கிற தாய்க்கு அதைக் கட்டாதீர்கள்.

கட்டின மார்பில் ஒரு பக்கம் சிவந்து, குளிர் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். பால் கொடுப்பதை நிறுத்தவும் வேண்டாம், அந்தப் பாலால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. ‘காய்ச்சல் பால்’ என்று நிறுத்தினால்தான் இன்னும் கட்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம். பால் சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். அதனால்தான் பால் ஊறுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். பக்குவமாகச் சமைத்து ஒருவர் எடுத்து வந்து கொடுப்பதே பெரிய விஷயம். ஆனால் பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைக்கிற, பழத்தை விலக்குகிற பத்தியம் வேண்டாம். குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால், கிரைப் வாட்டர் எதுவும் ஆறு மாதம் வரை வேண்டாம். சித்திரை வெயிலிலும் தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

நிஜமாகவே பால் குறைவாக இருக்கும் பெண்களும் உண்டு. தைராய்டு கோளாறு, பிரசவத்தில் ஏராளமாக ரத்தம் போனது, நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியது, முன்பு மார்பில் நடந்த அறுவை சிகிச்சை என்று காரணங்கள் இருக்கலாம். துணி நனைவது குறைந்து, குழந்தை சுருண்டு சுருண்டு தூங்கினால், மஞ்சள் ஏறினால், காத்திருக்காதீர்கள். டாக்டர் சொல்லிப் பவுடர் பால் கொடுக்க வேண்டி வந்தால் கொடுக்கத்தான் வேண்டும். அந்தப் பெண்ணைக் குற்றவாளியாக நிற்க வைப்பது ‘பத்தலை’ என்று சொல்வதைவிடக் கொடுமை. கொடுக்கும்போது புட்டி வேண்டாம், நம் பாலாடை இருக்கிறதே. குறைமாதக் குழந்தைகளுக்கு இன்றைக்கும் பச்சிளங்குழந்தை வார்டுகளில் பாலாடையில்தான் புகட்டுகிறார்கள். அப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் தாயிடம் பால் இல்லாதபோது வேறு தாய்மார் தானமாகத் தரும் பாலும் கிடைக்கிறது. மும்பை சயான் ஆஸ்பத்திரியில் 1989இல் தாய்ப்பால் வங்கி தொடங்கினார்கள், இப்போது நம் ஊர் அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலும் இருக்கிறது.

இன்னொன்று. முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் அவள் சிரிக்கவில்லை, தூக்கம் வரவில்லை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் அதைத் திமிர் என்று நினைக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

அப்புறம் வேலைக்குத் திரும்பும் நாள். 2017இல் திருத்திய சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. திரும்பிய பிறகும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்கத் தினம் இரண்டு இடைவேளை அவளுக்கு உரிமை. கேட்கக் கூச்சப்படுகிறார்கள், வீட்டார் கேட்கச் சொல்லுங்கள். பீய்ச்சி வைத்த பாலை வெளியில் நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், கத்திரி வெயிலில் அதற்கும் முன்பே எடுத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. அடுப்பில் காய்ச்சாமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்து இளஞ்சூடு ஆக்கினால் போதும்.

பயணத்தில் என்ன செய்வது என்றும் கேட்பார்கள். 2015இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. சில ஊர்களில் அந்த அறையில் துடைப்பமும் உடைந்த நாற்காலியும் கிடக்கின்றன, கதவு பூட்டியிருக்கிறது. அப்படி இருந்தால் குழந்தையும் கையுமாக நிற்கிற பெண்ணை அனுப்பாமல், நீங்களே போய் நேரக் காப்பாளர் அறையில் சாவி கேளுங்கள். தருவார்கள், கொஞ்சம் சத்தமாகக் கேட்க வேண்டியிருக்கும்.

வணக்கம்.