பைனல் கட் யாருடைய கையில்?

வணக்கம் நேயர்களே. நீலப்படத்திலிருந்து வெகுசன சினிமாவுக்கு வந்த ஒரு நடிகையைப் பற்றிய ஆவணப்படம் என்றதும் சில வீடுகளில் வானொலியின் சத்தம் குறைந்திருக்கும். கூட்டியே வையுங்கள். கதைக்கப்போவது, அப்படி ஒருவரைப் பற்றிப் படம் எடுப்பவருக்கு வேண்டிய ஒப்பந்தத்தையும் ஒலிவாங்கியையும் பற்றித்தான். பைனல் கட் என்பது படத்தின் கடைசி வடிவத்தை முடிவுசெய்யும் உரிமை.

சன்னி லியோன், பெற்றோர் வைத்த பெயர் கரன்ஜித் கவுர் வோரா, 1981இல் கனடாவின் சார்னியாவில் பஞ்சாபிச் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். 2011இல் இந்தி பிக் பாஸ் வீட்டுக்குள் போனார். அங்கேயே இந்திப் பட இயக்குநர் மகேஷ் பட் வந்து பட வாய்ப்புக் கொடுத்தார்; அடுத்த வருடமே ஜிஸ்ம் 2 வெளிவந்தது. தமிழில் வடகறிப் படத்துப் பாட்டுக்கு ஆடியது எங்கடை பெடியளுக்கு ஞாபகம் இருக்கும். அவரைப் பற்றித் திலீப் மேத்தா எடுத்த ஆவணப்படமான 'மோஸ்ட்லி சன்னி' 2016இல் ரொறன்ரோ விழாவில் திரையிடப்பட்டது. கமராவுக்கு முன்னால் இருந்து மனம்விட்டுக் கதைத்தவரே, முடிந்த படத்தைத் தன் கதையாக ஏற்கவில்லை. தன் வாழ்க்கையைச் சொல்லி 2018இல் வந்த வலைத்தொடரில் தன் வேடத்தைத் தானே நடித்தார்.

எங்கே பிசகுகிறது? வழக்கமான சம்மதப் பத்திரத்தில் "எடுத்ததை எப்படியும் தொகுக்கலாம்" என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்து வைப்பவர் அதை வாசிப்பதில்லை, எடுப்பவர் வாசித்துக் காட்டுவதுமில்லை. பத்திரம் தமிழில் இருக்கட்டும். பழைய படங்களில் எவை வரும், வீட்டாரின் முகம் வருமா, வெளியிட முன் அவர் எப்போது பார்ப்பார், பார்த்து எத்தனை நாளில் பதில் சொல்வார் என்பதெல்லாம் அதில் வேண்டும். பதினான்கு நாள் போதும். பைனல் கட் இயக்குநரிடமே இருக்கலாம், ஆனால் தகவல் பிழையைத் திருத்துவேன் என்று எழுதிக் கொடுக்கவேண்டும்.

பழைய நீலப்படத் துண்டுகளுக்கு அவருடைய சம்மதம் மட்டும் காணாது. உரிமை தயாரிப்பு நிறுவனத்திடம் இருக்கும், கூட நடித்தவர்களும் இருப்பார்கள். இலங்கையில் 1927ஆம் ஆண்டின் ஆபாசப் பிரசுரங்கள் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. மங்கலாக்கிப் போட்டால் சரி என்பார்கள். மங்கல் போட்ட இடத்துக்குத்தான் கண் முதலில் போகும்! அந்தக் காலத்தைப் பற்றி அவர் இன்று கதைக்கும் முகத்தையே விடாமல் காட்டினால் காட்சி பலமாக நிற்கும்.

பேட்டி எடுக்கும்போது, இங்கத்தை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதை மறக்கவேண்டாம். செக்கனுக்கு 25 பிரேம், அதாவது 25 படச்சட்டம்; ஷட்டர் (ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒளி விழும் நேரம்) செக்கனில் ஐம்பதில் ஒன்று. அறுபதில் ஒன்றுக்கு வைத்தால் எல்ஈடி வெளிச்சத்தில் திரையில் பட்டை ஓடும். கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் பழைய வீடியோக் கசற் 29.97 பிரேமில் இருக்கும். அப்படியே தொகுப்பு மென்பொருளின் டைம்லைனில் போட்டால் நடை வெட்டி வெட்டித் தெரியும், முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். பட்டுச் சேலைத் தலைப்பு ஒலிவாங்கியில் உரசினால் பிறகு ஒன்றும் செய்யமுடியாது; ஒலிவாங்கியைச் சட்டைக்குள்ளே ஒட்டுரேப்பால் ஒட்டி, தலைக்கு மேலே இன்னொன்றைத் தொங்கவிடுங்கள். ஒலிப்பதிவு மீற்றரில் குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லில் நிற்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். பாண் ஓட்டோவின் பாட்டு கேட்டால் கேள்வியையும் நிறுத்துங்கள். அவர் அழுதுகொண்டிருக்கும் இடத்தில் அந்தப் பாட்டு விழுந்தால், மறுபடி அழச் சொல்லிக் கேட்பதா?

முதல் கேள்வியே "வருத்தப்படுகிறீர்களா" என்று இருக்கக்கூடாது. 2016 ஜனவரியில் லியோனிடம் ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சிப் பேட்டியில் அதையே திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் கேட்டவர்தான் வாங்கிக் கட்டிக்கொண்டார். சம்பளம், ஒப்பந்தம், வேலை நேரம் என்று தொழிலைக் கேட்டால் ஆள் தானாகத் திறந்து கதைக்கும்.

அவருக்குப் படத்தைக் காட்டுவது பிக்சர் லொக்குக்கு, அதாவது காட்சித் தொகுப்பை இனி மாற்றுவதில்லை என்று முடிப்பதற்கு, முன்னால். லொக் செய்தபின் ஒரு வசனத்தை எடுத்தாலும் ஒலிக்கலவையையும் நிறத்திருத்தத்தையும் அந்த இடத்தில் திரும்பச் செய்யவேண்டும், காசும் போகும். கணவன், மாமி, தம்பி என்று கூட்டமாக இருத்திக் காட்டாமல் அவருக்கு மட்டும் காட்டுங்கள். நேரக்குறியீடு, அதாவது எந்த நிமிடம் எந்தச் செக்கன் என்ற எண், திரையின் மூலையில் தெரியட்டும், அவர் கையில் ஒரு கொப்பியும் பேனையும் இருக்கட்டும்.