ஓர்மை தப்பினால்

நேயர்களுக்கு வணக்கம். நம்ம திருநெல்வேலிப் பக்கத்தில் ஞாபகம் என்று அதிகம் சொல்ல மாட்டோம், ஓர்மை என்போம். "ஓர்மை இல்லய்யா, வயசாயிட்டுல்லா." இந்த ஒரு பேச்சைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். நான் டாக்டர் கிடையாது, ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார். டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்த அம்மாவோடு ஆறு வருஷம் இருந்தவன், அதுதான் என் தகுதி. உண்மையைச் சொன்னால் இங்கே உட்கார்ந்து பேச வேண்டியவள் என் மனைவி, பார்த்ததெல்லாம் அவள்தான்.

அம்மா சேரன்மகாதேவியில் பிறந்து பாளையங்கோட்டைக்கு வாக்கப்பட்டவள். சொந்தத்தில் எந்த வீட்டில் மறுவீட்டு விருந்து என்றாலும் சொதிக்கு அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். சொதி வைக்கிறவர்களுக்குத் தெரியும், காய் வேகிறது தேங்காயின் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும், முதல் பால் கடைசியில்தான், அதையும் ஊற்றிய பிறகு கொதிக்க விடக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா எடுத்த எடுப்பிலேயே முதல் பாலை ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டு, அது திரிந்து போவதைக் கரண்டியும் கையுமாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். உப்புப் போட மறப்பது எல்லா வீட்டிலும் உண்டு. இது அப்படி இல்லை, அறுபது வருஷம் கை பழகிய வரிசையே கலைந்துபோயிருந்தது. நாங்கள் என்ன செய்தோம்? சிரித்தோம். வயசாயிட்டுல்லா என்றோம். அந்தச் சிரிப்பிலேயே ஒன்றரை வருஷம் போய்விட்டது.

அப்புறம் சங்கிலி காணவில்லை என்று வேலைக்கு வரும் அக்காள்மேல் பழி போட்டாள். அந்த அக்காள் அழுதுகொண்டே வேலையை விட்டு நின்றுவிட்டாள், சங்கிலி புளிப்பானைக்குள் இருந்தது. வைத்த இடம் மறந்துபோனால், யாரோ எடுத்துவிட்டார்கள் என்று மனசு தானாகவே ஒரு கதை கட்டிக்கொள்ளும், இந்த நோயில் அது ரொம்ப சகஜம் என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் அந்த மனுஷி வேலையை விட்டிருக்க மாட்டாள்.

ஒரு வழியாக டாக்டரிடம் போனோம். அவர் முதலில் எழுதிக் கொடுத்தது தைராய்டுக்கும் பி12 சத்துக்கும் ரத்தப் பரிசோதனை. மறதி என்று வந்தால் இதற்கா பார்க்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியம். ஆனால் தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும், மனச்சோர்வு வந்தாலும், விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டினாலும் ஓர்மை தப்பும். இவையெல்லாம் வைத்தியத்துக்குக் கேட்கிறவை. வயசு என்று வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டால், சரியாகக்கூடியதும் சரியாகாமலே போய்விடும். அம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லை, அல்சைமர்தான். டிமென்ஷியாவில் பாதிக்கு மேல் இந்த வகைதான், குணப்படுத்த மருந்து கிடையாது, சிலருக்குக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க மாத்திரை உண்டு. 1906-ல் அல்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர் முதன்முதலாக விவரித்தாரே ஒரு பெண் நோயாளியை, ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அந்த அம்மாளுக்கு 51 வயசு. இதை வயசின் தலையில் கட்டுவது எப்படிச் சரியாகும்?

கணக்கு வாத்தியார் கணக்குச் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது. 2023-ல் வெளியான ஓர் ஆய்வின்படி இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் டிமென்ஷியா, மொத்தம் சுமார் 88 லட்சம் பேர். 2036-ல் இது ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் ஆகும் என்கிறார்கள். உங்கள் தெருவில் அறுபது தாண்டியவர்கள் முப்பது பேர் இருந்தால் இரண்டு வீட்டில் இது இருக்கலாம். பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, தாத்தாவும் ஆச்சியும் மட்டும் இருக்கிற தெருவில் இதை யார் கண்டுபிடிப்பது?

தடுக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் 14 காரணங்களைச் சொல்லி, அவற்றைக் கவனித்தால் உலகத்தில் வருகிற டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. பிரஷர், சுகர், பீடி சிகரெட், தனிமை எல்லாம் அதில் உண்டு. பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை இப்போது வீடு தேடியே வருகிறது, வாங்கி டப்பாவில் சேர்த்து வைக்காமல் சாப்பிட வேண்டும். அந்தப் பட்டியலில் எனக்கு உறைத்தது காது. காது கேட்காமல் போனால் ஆள் பேச்சை விட்டு ஒதுங்குவார், மூளைக்கு வேலை குறையும். கண்ணாடி போடக் கூசாத நாம், காது மெஷின் என்றால் மட்டும் ஏன் இப்படிப் பதுங்குகிறோமோ. எங்கள் அம்மாவும் அப்படித்தான் வேண்டாம் வேண்டாம் என்று பத்து வருஷம் ஓட்டினாள்.

ஒருநாள் வாசல் கதவு திறந்து கிடந்தது, அம்மா இல்லை. மகளிர் இலவச பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். "எங்க இறங்கணும் ஆச்சி?" என்று கண்டக்டர் கேட்க, "வீட்டுல" என்றிருக்கிறாள். காசு வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல முந்தி முடிச்சை அவிழ்த்திருக்கிறாள். உள்ளே காசில்லை, என் மனைவி எழுதி மடித்து முடிந்து வைத்த போன் நம்பர். அந்தக் கண்டக்டர் அம்மாவை ஒரு டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு எங்களுக்குப் போன் போட்டார். யோசனை கேட்கவும் ஆள் இல்லை என்கிறவர்கள், முதியோருக்கென்று அரசு வைத்திருக்கிற 14567 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம். எங்களுக்கு அதெல்லாம் அப்போது தெரியாது.

சாயங்காலம் ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகணும் என்று நிற்பாள். பொழுது சாய்கிற நேரத்தில் இவர்களுக்குத் தவிப்பு கூடும். இதுதாம்மா உன் வீடு என்று நான் வாத்தியார் குரலில் பாடம் நடத்துவேன், சண்டையில் போய் முடியும். என் மனைவிதான் சொன்னாள், "விவாதம் பண்ணாதீங்க, கூட்டிட்டு ஒரு சுத்து சுத்திட்டு வாங்க." சரி என்று மறுநாள் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். நாலு தெரு நடந்து, எங்கள் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தோம். அம்மா முகம் தெளிந்துவிட்டது. என்னை ஏலே என்று தவிர வேறெப்படியும் கூப்பிட்டறியாதவள், கேட்டைத் திறந்துகொண்டே சொன்னாள்: "இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டுட்டீங்க, உள்ள வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

போனேன். காப்பி போட்டது என் மனைவி.