ஒளிவட்டத்துக்கு முன்னே ஒரு கோப்பு

அருள்தந்தையரே, அருள்சகோதரிகளே, பெரியோர்களே, இளைஞர்களே,

1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை ஒட்டிய காற்றாடிமலையில், கிறிஸ்தவராக மாறிய திருவிதாங்கூர் அரசு அலுவலர் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கான் பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். இடையில் 270 ஆண்டுகள். கல்கத்தாவின் அன்னை தெரசா 1997-இல் இறந்தார், 2016-இல் புனிதரானார். 19 ஆண்டுகள்தான். அப்படியானால் நம் குமரி மண்ணில் பக்தி குறைச்சலா? கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அவர் கல்லறைக்கு வராத தலைமுறை கிடையாது. பக்திக்குக் குறைவே இல்லை. குறைவாக இருந்தது கோப்பு, அதாவது ஒருவரைப் புனிதர் என்று அறிவிக்க ரோமுக்குப் போக வேண்டிய ஆவணக் கட்டு. அந்தக் கோப்பு எப்படித் தயாராகிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் சொற்கள். பாட்டி காலத்து செபப் புத்தகத்தில் 'அர்ச்.' என்று சுருக்கிப் போட்டிருக்கும். அர்ச்சியசிஷ்டர் என்பதன் சுருக்கம் அது. விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவரை வேதசாட்சி என்பார்கள், இன்று மறைசாட்சி. இப்போதைய படிகள் நான்கு: வழக்கு தொடங்கியதும் இறை ஊழியர், ரோம் முதல் தீர்ப்புச் சொன்னதும் வணக்கத்துக்குரியவர், பிறகு அருளாளர், கடைசியில் புனிதர். வழக்கு என்றா சொன்னாய் என்று கேட்காதீர்கள். திருச்சபைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. மனு போடும் தரப்பு உண்டு, விசாரணைக் குழு உண்டு, சாட்சி உண்டு, சத்தியப் பிரமாணம் உண்டு, எதிர்த்துக் கேள்வி கேட்க ஆளும் உண்டு. செலவு மனு போட்டவருடையது.

இறந்து 5 ஆண்டு ஆகாமல் தொடங்கக் கூடாது. சூடு ஆறட்டும் என்றுதான் இந்த விதி. அன்னை தெரசாவுக்கு இதைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தளர்த்தினார். பின்னர் அவருக்கே இதே விதி தளர்த்தப்பட்டது. இதற்கு மறுமுனையில் இன்னொரு விதி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. இறந்து 30 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டால், இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்பதற்கு விளக்கம் கொடுக்க வேண்டும். சாட்சிகள் எல்லாம் சாகட்டும் என்று யாரும் திட்டம் போட்டுக் காத்திருக்கவில்லை, ஏமாற்று ஏதும் இல்லை என்பதை ஆயர் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எந்த ஆயர்? பிறந்த ஊரின் ஆயர் அல்லர், இறந்த ஊரின் ஆயர். நட்டாலத்தில் பிறந்து, வடக்கன்குளத்தில் 1745-இல் திருமுழுக்குப் பெற்று, காற்றாடிமலையில் இறந்தவர் தேவசகாயம். வழக்கு இடம் காற்றாடிமலை. 1752-இல் அந்தப் பகுதி கொச்சி மறைமாவட்டத்துக்கு உட்பட்டது. கோட்டாறு தனி மறைமாவட்டம் ஆனது 1930-இல்தான். நடுவில் 1780-இல் ரோமுக்குப் போன கேரளத்துக் குருவானவர் கரியாட்டில் யௌசேப் மல்பான் அங்கே ஒரு விண்ணப்பம் கொடுத்தார். கொடுத்தார், அவ்வளவுதான். விண்ணப்பத்தைக் கையில் எடுத்து, பின்னாலேயே நடந்து, ஆவணம் சேர்க்க உள்ளூரில் ஆள் இல்லாவிட்டால் எந்த வழக்கும் நகராது. அந்த ஆளுக்குத்தான் போஸ்டுலேட்டர் என்று பெயர். நல்ல தமிழில் வேண்டுகையாளர்.

இப்போது நம் ஊர் வழக்குகள் இடறும் முதல் இடத்துக்கு வருவோம். சாமியார் ஒருவர் நல்லவர், ஏழைகளுக்கு உழைத்தார், இறந்துவிட்டார். அடுத்த ஆண்டே கல்லறைக்குப் பளிங்கு பதிக்கிறோம். படத்தில் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வரைகிறோம். படத்தைப் பீடத்தில் வைக்கிறோம். கொடியேற்றி, தேர் இழுத்து, "புனித" என்று சுவரொட்டி அடிக்கிறோம். பக்தி பொங்குகிறது. அதே வேகத்தில் வழக்கு குலைகிறது. 17ஆம் நூற்றாண்டில் எட்டாம் உர்பன் என்ற திருத்தந்தை போட்ட சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது: திருச்சபை தீர்ப்புச் சொல்லும் முன் யாருக்கும் பொது வணக்கம் கூடாது. ஆயர் நேரில் இறந்தவரின் கல்லறைக்கும், அவர் உயிர்விட்ட அறைக்கும் போய்ப் பார்த்து, இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதித் தர வேண்டும். ஒளிவட்டம் போட்ட ஒரு படம் சுவரில் தொங்கினால் அந்தத் தாளில் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? முதலில் படத்தைக் கழற்று என்பார்.

தனியாகப் போய் வேண்டிக்கொள்ளத் தடையே இல்லை. கல்லறையில் பூ வைக்கலாம். ஆயர் அனுமதியோடு செபச் சீட்டு அச்சிடலாம். இன்னும் சொன்னால், மக்கள் தாமாகத் தேடி வருவதுதான் வழக்குக்கு உயிர். புனிதர் என்ற பெயர் மக்கள் மத்தியில் தானாகப் பரவியிருக்க வேண்டும், யாரும் விளம்பரம் செய்து உண்டாக்கியிருக்கக் கூடாது. ஓரியூரில் மறைசாட்சி அருளானந்தர் இரத்தம் சிந்திய சிவப்பு மண்ணை மதம் பார்க்காமல் ஆட்கள் எடுத்துப் போகிறார்களே, அப்படி.

மறைமாவட்ட விசாரணையில் ஆயரின் பிரதிநிதியாக ஒரு குரு, நீதிக் காவலர் ஒருவர், எழுத்தர் ஒருவர் உட்காருவார்கள். அச்சில் வந்த எழுத்து இருந்தால் இறையியல் தெரிந்த இருவர் தனித்தனியாகப் படித்து, விசுவாசத்துக்கு முரணாக ஏதும் உண்டா என்று எழுதித் தருவார்கள். இருவரில் ஒருவர் யார் என்று மற்றவருக்குத் தெரியாது. குறைந்தது மூன்று பேர் கொண்ட வரலாற்றுக் குழு ஆவணக் காப்பகங்களைத் தேடும். சாதகமானதை மட்டும் பொறுக்கக் கூடாது. பாதகமான கடிதம் கிடைத்தால் அதுவும் கோப்பில் ஏற வேண்டும். மறைத்துப் பின்னால் தெரிந்தால் மொத்தக் கோப்பின் நம்பகமும் போய்விடும். முடிந்ததும் மூலக் கோப்பு முத்திரையிட்டு மறைமாவட்டக் காப்பகத்தில் இருக்கும், இரண்டு பிரதிகள் ரோமுக்குப் போகும்.

மறைசாட்சி வழக்கு என்றால் மூன்று கேள்விகள். உண்மையில் கொல்லப்பட்டாரா? கொன்றவர் விசுவாசத்தின் மேல் உள்ள வெறுப்பால் கொன்றாரா? இறந்தவர் விசுவாசத்துக்காகவே சாவை ஏற்றாரா? முதல் கேள்வி எளிது. சண்டையெல்லாம் இரண்டாவதில்தான்.

அருளானந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். லிஸ்பனில் 1647-இல் பிறந்த யேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோ, மதுரை மறைத்தளத்துக்கு வந்து காவி உடுத்து, மரக்கறி மட்டும் உண்டு, பண்டாரச் சாமியாக வாழ்ந்தவர். மறவர் சீமையில் தடியத்தேவன் என்ற சிற்றரசர் கிறிஸ்தவரானார். பல மனைவியரில் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதி மன்னரின் உறவுப் பெண். அவள் அரண்மனைக்கு முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. இப்போது சொல்லுங்கள்: இது மதக் கொலையா, குடும்பத் தகராறா, அரண்மனைக் கௌரவமா?

இங்கேதான் காகிதம் பேசுகிறது. சாவதற்கு முந்தின நாள், சிறையில் மையும் பேனாவும் இல்லாமல், கரியைத் தண்ணீரில் குழைத்துத் துரும்பால் எழுதிய அவருடைய கடிதம் இருக்கிறது. தன்மேல் சாட்டப்பட்ட குற்றம் மறை போதித்ததுதான் என்று அதில் அவரே எழுதியிருக்கிறார். ஒரு மனைவி என்ற ஒழுக்க நெறி விசுவாசத்தின் பகுதி; அதைப் போதித்ததால் வந்த பகை விசுவாசத்தின் மேல் வந்த பகைதான். ஏரோதின் திருமணத்தைக் கண்டித்துத் தலை இழந்த திருமுழுக்கு யோவானைத் திருச்சபை மறைசாட்சி என்று கொண்டாடவில்லையா? அதே கணக்கு.

ஆனால் வழக்கு சிக்கியது வேறு இடத்தில். காவி உடையும் சந்தனமும் உள்ளூர் ஆசாரங்களும் மூடநம்பிக்கையா, நாகரிகமா என்று அப்போது ரோமில் பெரிய வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. மலபார் சடங்குமுறைச் சர்ச்சை என்று பெயர். அந்தச் சடங்குகளைக் கடைப்பிடித்தவரை எப்படிப் புனிதராக்குவது என்று தடை எழுப்பியவர், 'சாத்தானின் வழக்கறிஞர்' என்று கேலியாக அழைக்கப்படும் பதவியில் இருந்த புரோஸ்பெரோ லம்பெர்த்தீனி. காலம் சுழன்றது. லம்பெர்த்தீனியே பதினான்காம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தையானார். 1741-இல், அந்தச் சடங்குகள் மறைசாட்சி வழக்குக்குத் தடையில்லை என்று தீர்ப்புச் சொன்னவரும் அவரே. 1744-இல் அதே சடங்குகள் பலவற்றைத் தடைசெய்து ஆணை போட்டவரும் அவரே! முரண் என்று எனக்குத் தோன்றவில்லை. சடங்கு வேறு, உயிர் கொடுத்தது வேறு என்று பிரித்துப் பார்த்தார், நல்ல நீதிபதி செய்வது அதுதான். பிறகு 1773-இல் யேசு சபையே கலைக்கப்பட்டது, வழக்குக்கு ஆள் இல்லை. 1853-இல் அருளாளர், 1947-இல் புனிதர்.

தேவசகாயம் வழக்கிலும் இரண்டாம் கேள்விதான் முள். அவர் திருவிதாங்கூர் அரசு அலுவலர். கொன்றது அரசு. அரசுத் துரோகம் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. கோப்பு எதைக் காட்டியது? 1749-இல் கைது, 1752-இல் கொலை. துரோகிக்கு ஏன் மூன்று ஆண்டு? எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக ஏன் இழுத்துச் சென்றார்கள்? பழைய மதத்துக்குத் திரும்ப வைக்கும் முயற்சி அது என்பது வாதம். கையில் இருந்த ஆவணம், கொச்சி ஆயர் 1756-இல் ரோமுக்கு அனுப்பிய அறிக்கை. சம்பவம் நடந்து 4 ஆண்டுக்குள் பொறுப்பான ஒருவர் எழுதிய தாள். நூறு ஆண்டு கழித்து எழுதிய ஆயிரம் பக்கத்தைவிட அதற்கு எடை அதிகம். 2012 ஜூனில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் மறைசாட்சியம் என்று ஏற்றார், டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளர் பட்டம்.

மறைசாட்சிக்கு அருளாளர் பட்டம் வரை புதுமை, அதாவது அவரிடம் வேண்டி நடந்த அற்புதம், தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒன்று வேண்டும். புனிதர் பட்டத்துக்கு எல்லாருக்குமே ஒன்று வேண்டும், அதுவும் அருளாளர் பட்டத்துக்குப் பிறகு நடந்ததாக. முந்தின வாரம் நடந்திருந்தாலும் கணக்கில் வராது. திருத்தந்தை நினைத்தால் விலக்கு தரலாம். இலங்கையின் யோசேப் வாஸ் அடிகளார் 1995-இல் அருளாளர்; இரண்டாவது புதுமைக்கு விலக்கு பெற்று 2015-இல் கொழும்பு காலிமுகத் திடலில் புனிதரானார். 1711-இல் கண்டியில் இறந்தவர்.

புதுமைக் கோப்பு எப்படிக் கெடுகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் நம் வீட்டுப் பழக்கங்களால்தான் கெடுகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. அம்மா வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொள்கிறாள், பாட்டி அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள், மாமா செபஸ்தியாரிடம் வேண்டுகிறார், பக்கத்து வீட்டு அக்கா ஒரு இறை ஊழியரின் செபச் சீட்டைத் தலையணைக்கு அடியில் வைக்கிறாள். குழந்தை பிழைத்துவிட்டது. யார் பரிந்து பேசி நடந்தது? விசாரணைக் குழுவால் சொல்ல முடியாது. கோப்பு அங்கேயே மூடப்படும். இன்னார் வழியாக என்று, குணமாவதற்கு முன்பே, தெளிவாக வேண்டியிருக்க வேண்டும். அதற்குச் சாட்சி வேண்டும்.

அடுத்து மருத்துவக் காகிதம். முந்தைய ஸ்கேன், பிந்தைய ஸ்கேன், இரண்டிலும் தேதியும் நேரமும். மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, பார்த்த மருத்துவரின் சாட்சியம். வீடு மாறும்போது பழைய ஓ.பி. சீட்டைத் தூக்கிப்போட்டால் போச்சு. "டாக்டரே கைவிரித்துவிட்டார்" என்பது சாட்சியம் ஆகாது. எந்த டாக்டர், எந்த நாள், எதை வைத்துச் சொன்னார் என்று கேட்பார்கள். லம்பெர்த்தீனி எழுதிவைத்த அளவுகோல் இன்றும் நடப்பில் உள்ளது: நோய் கடுமையானதாக இருக்க வேண்டும், தானாகத் தணியும் கட்டத்தில் இருக்கக் கூடாது, மருந்து கொடுத்திருந்தால் அது பலிக்காததாக இருக்க வேண்டும், குணம் சட்டென்று வர வேண்டும், முழுமையாக வர வேண்டும், நிலைக்க வேண்டும். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுப் படிப்படியாகத் தேறியவர் கடவுளுக்கு நன்றி சொல்லலாம். கோப்பு அனுப்ப முடியாது.

ரோமில் இரண்டு நிபுணர்கள் முதலில் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒருவராவது சாதகமாகச் சொன்னால்தான் மருத்துவக் குழுவுக்குப் போகும். 2016-இல் வந்த விதிப்படி குழுவில் 7 பேர், குறைந்தது 6 பேர் உட்கார வேண்டும். 7 பேரில் 5, 6 பேரில் 4 பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். எதற்கு? "இன்றைய மருத்துவத்தால் விளக்க முடியவில்லை" என்பதற்கு மட்டும். புதுமை என்ற சொல்லை அவர்கள் உச்சரிக்க மாட்டார்கள், அது அவர்கள் வேலையும் அன்று. இறையியலாளர்கள் அடுத்து உட்கார்ந்து வேண்டுதலுக்கும் குணத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பார்கள். பிறகு கர்தினால்களும் ஆயர்களும். கடைசிக் கையெழுத்து திருத்தந்தையுடையது. ஒரே சம்பவத்தை மூன்று தடவைக்கு மேல் மருத்துவக் குழுவுக்குக் கொண்டுபோக முடியாது.

தேவசகாயம் வழக்கில் ஏற்கப்பட்ட புதுமை 2013-இல் நடந்தது. 24 வாரக் கரு. இதயத் துடிப்பு இல்லை என்று மருத்துவம் சொன்னது. தாய் தேவசகாயத்திடம் வேண்டினார். கரு அசைந்தது, குழந்தை பிறந்தது. இந்த ஒரு சம்பவத்தில் எல்லாம் பொருந்தி வருவதைப் பாருங்கள். 2012 டிசம்பருக்குப் பிறகு நடந்தது. மருந்தால் திரும்பக்கூடிய நிலை இல்லை. படிப்படியாக நடக்க வழியே இல்லாதது. ஸ்கேன் இருந்தது. 2020 பிப்ரவரி 21 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அதை ஏற்றார்.

அந்த நேரத்தில் கோப்பில் இன்னொரு திருத்தமும் நடந்தது. அதுவரை ரோமின் தாள்களில் பெயர் 'தேவசகாயம் பிள்ளை' என்று இருந்தது. நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தவர் திருமுழுக்கில் லாசர் ஆனார். லாசர் என்றால் கடவுள் உதவினார் என்று பொருள், அதன் தமிழ்தான் தேவசகாயம். திருமுழுக்குக்குப் பிறகும் சாதிப் பெயரை ஏன் ஒட்டிவைக்க வேண்டும் என்று நம் பக்கத்திலிருந்தே கேள்வி போனது. 2022 மே 15 அன்று 10 பேரின் பட்டியல் இலத்தீனில் வாசிக்கப்பட்டபோது, லாசர் எனும் தேவசகாயம் என்று மட்டும் இருந்தது.