கூரை திறக்கவில்லையா? சத்தத்தைக் கேளுங்கள்

வணக்கம் நேயர்களே. ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் கார்களுக்கு மின்வேலை செய்கிற ஆள் நான். மே மாதம் வெயில் எட்டிப் பார்த்ததும் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கும். "அண்ணை, கூரை திறக்குதில்லை." நவம்பரில் போர்த்து மூடிவிட்ட கன்வேர்ட்டிபிள், அதாவது கூரையை மடித்துத் திறக்கக்கூடிய கார், ஆறு மாதம் கழித்து வெளியே வந்திருக்கும். சுவிட்சை அமத்தினால் கூரை அசையாது.

நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "அமத்தேக்க என்ன சத்தம் கேக்குது?"

பலருக்குப் பதில் தெரியாது. காருக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். ரேடியோவில் இருந்துகொண்டே இதைச் சொல்வது சரியோ தெரியாது, ஆனாலும் ஐந்து நிமிஷம் அதை நிற்பாட்டிவிட்டுக் காதைக் கொடுங்கள்.

சத்தமே இல்லையா? அப்படியானால் எதுவும் உடைந்துவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். கூரையை இயக்குகிற கணினி இன்னும் உத்தரவு கொடுக்கவில்லை. கார் நிற்கிறதா, டிக்கி சரியாகப் பூட்டியிருக்கிறதா, கூரை மடிந்து இறங்கும் இடம் வெறுமையாக இருக்கிறதா, பற்றறியில் போதிய வோல்ட் இருக்கிறதா என்றெல்லாம் அது பார்க்கும். ஒன்று சரியில்லாவிட்டாலும் பேசாமல் இருந்துவிடும்.

இதை நான் வெட்கப்பட்டுத்தான் படித்தேன். வெள்ளி நிறத்தில் இரண்டு இருக்கைக் கார் ஒன்று வந்தது. பியூஸ் பார்த்தேன், ரிலே என்கிற, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை மாற்றிப் பார்த்தேன், டிக்கியின் உள்துணியைக் கழற்றிப் எண்ணெயை அழுத்திக் கூரையை அசைக்கிற பம்ப் வரைக்கும் போய் மீற்றர் வைத்தேன். இரண்டு மணித்தியாலம் போய்விட்டது. என்னோடு வேலை பழகுகிற தம்பி டிக்கிக்குள் குனிந்து, "அண்ணை, இது கொளுவுப்படேல்ல" என்றான். கூரை இறங்கும் இடத்தையும் சாமான் வைக்கும் இடத்தையும் பிரிக்க ஒரு சுருள்திரை இருக்கும். உரிமையாளர் நாற்பது இறாத்தல் அரிசி மூட்டையை ஏற்ற அதை விலக்கியிருக்கிறார், திரும்பப் போடும்போது ஒரு பக்கம் மட்டும் கொளுவாமல் விட்டிருக்கிறார். தம்பி பெருவிரலால் அமத்தினான். 'க்ளிக்'. கூரை ஒரு தடங்கலும் இல்லாமல் திறந்தது. அந்தத் திரையின் முனையில் இருக்கிற சின்னச் சுவிட்ச்தான் இரண்டு மணித்தியாலம் என்னை அலைக்கழித்தது. அன்றைக்குக் காசு வாங்க மனம் வரவில்லை.

இந்தக் கூரைகளுக்குள் இப்படி எத்தனை சுவிட்ச் இருக்கும் என்று பழைய கார்களைப் பார்த்தால் விளங்கும். இரும்புக் கூரையே டிக்கிக்குள் போகும் யோசனையை 1930களில் பிரான்சில் கொண்டுவந்தவர் ஜோர்ஜ் போலான், தொழிலால் பல் வைத்தியர். 1934இல் பீஜோ அதைக் காராக்கியது. அமெரிக்காவில் ஃபோர்ட் 1957 முதல் 1959 வரை விற்ற ஸ்கைலைனரின் கூரைக்கு மட்டும் 610 அடி வயர், ஒவ்வொரு பாகமும் தன் இடத்துக்கு வந்ததைச் சொல்கிற பத்து லிமிட் சுவிட்ச். 1996இல் பென்ஸ் எஸ்எல்கே வந்தபோது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஐந்து ஹைட்ரோலிக் சிலிண்டர்கள் 25 செக்கனில் வேலையை முடித்தன. வசதி கூடக் கூட, வேலையை மறிக்கக்கூடிய இடங்களும் கூடிவிட்டன.

பற்றறியை மறந்துவிடாதீர்கள். நிறைந்த பற்றறி 12.6 வோல்ட் காட்டும். குளிர்காலம் முழுக்கச் சும்மா நின்றதில் 12க்கு இறங்கியிருந்தாலும் விளக்கு எரியும், ஹோர்ன் அடிக்கும், கூரை மட்டும் மாட்டேன் என்னும். எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். அப்போது ஏறத்தாழ 14 வோல்ட் கிடைக்கும். வருகிற அழைப்புகளில் கொஞ்சம் அதோடேயே தீர்ந்துவிடும்.

'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டு மற்றதெல்லாம் அமைதியா? ரிலே தன் வேலையைச் செய்கிறது. பம்ப் மோட்டருக்குப் போகிற வயர், அதன் ஏர்த், இல்லாவிட்டால் மோட்டரே பழுது.

பம்ப் 'ஊ' என்று இரைகிறது, கூரை அசையவில்லை என்றால் அது எண்ணெய்ப் பிரச்சினை. முன்கண்ணாடிக்கு மேலே, பின்பார்வைக் கண்ணாடி இருக்கிற இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் கூரையைப் பூட்டுகிற சிலிண்டரின் ரப்பர் சீல் போய்விட்டது. காரோட்டும்போது உங்கள் மடியிலேயே சொட்டும். அந்த நேரத்தில் கையில் கிடைத்த பிரேக் ஒயிலை ஊற்றிவிடாதீர்கள். இன்றைய கூரை ஹைட்ரோலிக் எண்ணெய் வேறு. பிரேக் ஒயில் பட்டால் மிச்ச ரப்பர்களும் ஊதிப்போகும். கைநூல் சொல்கிற எண்ணெய் மட்டும்.

ஒரு பக்கம் மேலே போய் மற்றப் பக்கம் பின்தங்கினால் உடனே சுவிட்சில் இருந்து கையை எடுங்கள். கூரைச் சட்டம் முறுகினால் செலவு பல மடங்காகிவிடும். பாதியில் நின்றுவிட்டால் பெரும்பாலும் ஏதோ ஒரு சுவிட்ச் தன் இடத்துக்கு வந்ததைச் சொல்லவில்லை. கையால் மூட வேண்டி வந்தால் பம்பில் உள்ள வால்வைத் திறந்து அழுத்தத்தை விட வேண்டும். அதற்கு முன், தூக்கியிருக்கிற டிக்கி மூடிக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். அழுத்தம் போனதும் அது தலையில் இறங்கும்.

பின்கண்ணாடி பிளாஸ்டிக்காக உள்ள பழைய கார் வைத்திருப்பவர்கள் குளிர்ந்த காலையில் திறக்க வேண்டாம். மடிப்பிலேயே வெடித்துவிடும். மத்தியானம் வரை பொறுங்கள்.

மற்றபடி, எனக்குப் போன் எடுத்தால், பேசுவதற்கு முன் யாரையாவது சுவிட்சை அமத்தச் சொல்லிவிட்டு, போனை டிக்கிப் பக்கம் பிடியுங்கோ.