பாட்டு முடிந்தது, கைதட்டல் எங்கே? நேரலை இசை நாடகத்தில் எதைப் பார்க்க வேண்டும்

[காட்சி: ஸ்டுடியோ அரங்கு. ஒலி ஏதும் இல்லை.]

பாட்டு உச்சத்துக்குப் போய் முடிகிறது. நடிகை கைகளை விரித்தபடி நிற்கிறார். ஒரு கைதட்டல்கூட இல்லை. 2013 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' இசை நாடகத்தை நேரலையாகக் காட்டியபோது ஒவ்வொரு பாட்டுக்கும் இதே கதைதான். வீட்டில் பார்த்தவர்கள் ஒரு கோடியே 80 லட்சத்துக்கும் மேல். ஸ்டுடியோவில் பார்வையாளர் ஒருவர்கூட இல்லை.

மேடை நாடகத்தில் கைதட்டல் வெறும் பாராட்டு இல்லை. பாடியவர் மூச்சு வாங்கிக்கொள்வது அப்போதுதான். பாட்டிலிருந்து வசனத்துக்கு இறங்கப் படிக்கட்டும் அதுதான். அதை எடுத்துவிட்டால் நடிகர் தொபுக்கென்று வசனத்தில் குதிக்க வேண்டியிருக்கிறது.

[காட்சி: பழைய கருப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி]

இசை நாடகத்தைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டுவது புதுப் பழக்கமும் இல்லை. 1957 மார்ச் 31 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சி, ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த 'சிண்ட்ரெல்லா'வை வண்ணத்தில் நேரலையாக ஒளிபரப்பியது. இன்று நம்மிடம் இருப்பது கருப்பு வெள்ளைப் பிரதிதான். ஒளிபரப்பைப் பதிவுசெய்ய, தொலைக்காட்சித் திரைக்கு முன்னால் ஃபிலிம் கேமராவை வைத்துப் படம்பிடிப்பதுதான் அன்றைய வழி. அந்த வண்ணங்கள் அன்று இரவோடு போய்விட்டன.

[காட்சி: இசைக்குழு ஒரு அறையில், பாடகர் வேறு இடத்தில்]

சரி, சத்தத்துக்கு வருவோம். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். இசைக்குழு 34 மீட்டர் தள்ளி இருந்தால் பாடகர் காதுக்குத் தாளம் நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வரும். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் வேகமான பாட்டில் அது அப்பட்டமான தாளப்பிசகு. அதனால் இசையை வயர் வழியாகக் கொண்டுவந்து, பாடுபவருக்குப் பக்கத்தில் மறைத்து வைத்த ஸ்பீக்கரிலோ காதுக்குள் இருக்கும் சின்னக் கருவியிலோ கொடுக்கிறார்கள். பாடகர் சட்டென்று கேமராவுக்குச் சற்றே மேலே பார்த்தால், வசனம் மறந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். இசை நடத்துநரின் கையைக் காட்டும் திரை அங்கே இருக்கலாம்.

அப்புறம் கேமரா. இங்கே கேமராக்காரரும் ஆடுகிறார் என்றே சொல்வேன். கனமான கேமராவை உடம்போடு கட்டிக்கொண்டு, ஆடிக்கொண்டே வருபவர்களுக்கு முன்னால் பின்பக்கமாக நடப்பார். பின்னால் ஒருவர் அவர் முதுகில் கை வைத்து, அழுத்தியும் விட்டும் வழிகாட்டுவார். கட்டுப்பாட்டு அறையில் இன்னொருவர் தாளத்தை எண்ணிக்கொண்டிருப்பார். எந்த எண்ணிக்கையில் எந்தக் கேமராவுக்கு மாற வேண்டும் என்பது ஒத்திகையிலேயே முடிவானது. ஒருவர் அரை அடி தள்ளி நின்றாலும் அடுத்த ஷாட்டில் அவர் பாதி முகம்தான் தெரியும்.

[காட்சி: மழை பெய்யும் திறந்தவெளி]

2016 ஜனவரி 31 அன்று ஃபாக்ஸில் வந்த 'கிரீஸ்: லைவ்' இதையெல்லாம் ஒரு படி மேலே கொண்டுபோனது. பல அரங்குகள், திறந்தவெளிக் காட்சிகள், கூடவே நிஜப் பார்வையாளர்கள். அன்று பார்த்து மழை. தொடக்கப் பாட்டிலேயே குடைகள் வந்துவிட்டன, அதுவும் நாடகத்தில் ஓர் அங்கம் என்பதுபோல. அரங்கு விட்டு அரங்கு போக நடிகர்கள் கோல்ஃப் வண்டிகளில் ஏறிப் பறந்தார்கள். கடைசிப் பாட்டில் அந்த வண்டிகளையே நமக்குக் காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஆனால் 'நேரலை' என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் மணி மூன்று மணி நேரம் பின்னால். கிழக்கில் நேரலையாக ஓடும் இத்தகைய நாடகம், அங்கே பெரும்பாலும் பிறகு பதிவாகத்தான் வருகிறது.

[காட்சி: சக்கர நாற்காலி, காலி மேடை]

2019 ஜனவரியில் 'ரென்ட்' இசை நாடகம் வந்தபோது இன்னும் மோசம். முந்தைய இரவு முழு ஒத்திகையில் முக்கிய நடிகர் ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்தது. மறுநாள் ஒளிபரப்பில் பெரும்பகுதி அந்த ஒத்திகையின் பதிவுதான். மறுநாளைக்காகக் குரலை மிச்சம் வைத்துப் பாடுவது ஒத்திகை வழக்கம். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் மக்கள் பார்த்தது அதைத்தான். கடைசிப் பகுதி மட்டும் நேரலையாக வந்தது, அவர் கட்டுப்போட்ட காலோடு. முதலில் ஒத்திகைப் பகுதியிலிருந்து ஒரு பாட்டைக் கேளுங்கள், பிறகு உடனே அந்தக் கடைசிப் பகுதியைப் போடுங்கள். இனி யாரும் எதையும் மிச்சம் வைக்கத் தேவையில்லை.