ஆடியிலேயே தொடங்கும் தீபாவளி

நேயர்களுக்கு வணக்கம்.

அம்மன் கோயில்களில் கூழ் வார்த்துக்கொண்டிருக்கும் இந்த ஆடி மாதத்தில், தீபாவளி வெடியைப் பற்றி ஒருவர் வானொலியில் வந்து பேசுவானேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். பெங்களூர் அல்சூரில் 22 ஆண்டுகளாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் நரக சதுர்த்தசிக்கு முந்தின நாள் மாலையில்தான் என் தொலைபேசி ஓயாமல் அடிக்கும். "டாக்டர், எங்கள் நாய் வெடிக்கு ரொம்பப் பயப்படுகிறது, தூங்க வைக்க ஏதாவது மாத்திரை சொல்லுங்கள்" என்பார்கள். அந்த மாலையில் என்னால் செய்யக்கூடியது மிகவும் குறைவு. ஆடியில் நீங்களே செய்யக்கூடியது நிறைய.

மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைக் கேட்கும் என்றால், நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் என்பது நம் நாட்டில் பட்டாசுக்கு வகுத்த உச்சவரம்பு; அதாவது விதிக்குள் அடங்கிய வெடியே அவ்வளவு பெரிய ஓசைதான். ஆனால் ஓசையின் அளவைவிட வேறொன்று பெரிதென்று எனக்குத் தோன்றுகிறது. திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடிவந்து காதைப் பொத்திக்கொள்ள நமக்கு ஒரு நொடி கிடைக்கிறது. நாய்க்கு அந்த ஒரு நொடி கிடையாது. எங்கிருந்து, எப்போது, எத்தனை என்று எதுவுமே தெரியாமல் அது மூன்று நாளைக் கழிக்கிறது.

நம் ஊரில் அந்த மூன்று நாளும் வெடியோசை விட்டுவிட்டு வரும். தமிழ் வீடுகளில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு விடியற்காலையில் வெடிப்போம். கன்னட வீடுகளில் பெரும்பாலும் மாலையில் தொடங்கி, அமாவாசைக்கு மறுநாளான பலிபாட்யமி வரை நீட்டுவார்கள். தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரைதான் வெடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னது. எங்கள் அல்சூர் சந்துகளுக்கு அந்தக் கடிகாரம் இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு முறை அமாவாசையன்று காலையில் ஒரு நாயைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். வீட்டார் அதைக் குளியலறையில் வைத்துப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அது கதவைப் பிறாண்டியே முன்னங்காலில் இரண்டு நகங்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. பாதத்தின் மெத்தைக்குள் மரச்சிலாம்பு ஏறியிருந்தது. "நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது, கொட்டாவிதான் விட்டுக்கொண்டிருந்தது" என்றார் அந்த அம்மா. தூக்கக் கலக்கம் இல்லாதபோதும் அடுத்தடுத்து விடும் கொட்டாவி, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, குளிரிலும் இரைப்பது, பிடித்த தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வது ஆகிய எல்லாமே, நடுக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தோன்றும் அச்சத்தின் அடையாளங்கள்.

இனி ஆடியில் செய்ய வேண்டியது. கைப்பேசியில் ஒரு வெடியோசைப் பதிவை, நாய் காதை நிமிர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளும் அளவுக்கு மிகமிகத் தணித்து வையுங்கள். ஓசை கேட்ட மறுகணம், மற்ற நேரங்களில் கொடுக்காத ஒரு தின்பண்டத்தைக் கொடுங்கள். என் வீட்டில் அது வேகவைத்த கோழி ஈரல். ஓசை முந்த வேண்டும், தீனி பிந்த வேண்டும். மாற்றிச் செய்தால், ஈரலைப் பார்த்தாலே இனி வெடி வரப்போகிறதென்று நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். சில நாள் கழித்து ஒலியை ஒரு படி கூட்டுங்கள். தின்பதை நிறுத்திவிட்டதானால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள், இரண்டு படி இறங்கிவிடுங்கள். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் வெடியின் அதிர்வு வராது என்பது இம்முறையின் குறை. ஆகவே குக்கர் விசில், தட்டு கீழே விழும் ஓசை, தொலைவில் எங்கோ கல்யாண ஊர்வலத்தில் வெடிக்கும் சரம் என்று தானாக வருகிற ஓசைகளுக்கும் ஈரலைக் கையில் வைத்திருங்கள். விநாயகர் ஊர்வலங்களில் தமட்டை முழங்கும் நாள்களில் மட்டும் பயிற்சியை விட்டுவிடலாம்.

பயந்த நாயைக் கொஞ்சினால் பயம் வளர்ந்துவிடும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தவறு. பயம் என்பது பரிசுக்காக நாய் செய்து காட்டும் வித்தை அல்ல. இடி இடித்த இரவில் தாய் அணைத்துக்கொண்டதனால் எந்தக் குழந்தையும் பயந்தாங்கொள்ளி ஆகிவிடவில்லை. நாய் உங்களிடம் வந்து ஒண்டினால் அணைத்துக்கொள்ளுங்கள்; ஒளிந்துகொண்டால் இழுத்து வெளியே கொண்டுவராதீர்கள். அதட்டலும் அடியும் வெடியோடு உங்களையும் சேர்த்துப் பயப்படத்தான் கற்றுக்கொடுக்கும்.

தீபாவளியன்று, தெருவை ஒட்டாத ஓர் உள்ளறையில் திரையை இழுத்துவிட்டு, வெளியே மின்னும் ஒளி தெரியாதபடி விளக்கைப் போட்டு, மின்விசிறியையும் வானொலியையும் ஓடவிடுங்கள். (வானொலியைச் சொல்வதில் எனக்குச் சிறிது தன்னலமும் உண்டு.) அறைக்கதவு திறந்தே இருக்கட்டும், வாசற்கதவு சாத்தியே இருக்கட்டும். நடைக்கு மத்தியானமே, கயிற்றோடுதான் அழைத்துப்போக வேண்டும். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுச் செல்லி, நான் மெத்தை போட்டு வைத்த அறையை ஒதுக்கிவிட்டு, துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள். மெத்தைதான் அங்கே போக வேண்டியிருந்தது.

மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மயக்கமூட்டும் பழைய மருந்துகளில் அசிப்ரோமசின் என்று ஒன்று உண்டு. அதை மட்டும் கொடுத்தால் நாயின் உடல் துவண்டு கிடக்கும். பார்க்கிறவர்களுக்கு அது அமைதி போலத் தெரியும். ஆனால் பயம் உள்ளே அப்படியே இருக்கும், ஓட மட்டும் முடியாது. பயத்தையே தணிக்கும் மருந்துகள் இன்று இருக்கின்றன. ஆனால் அவற்றை ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்த்து அளவை முடிவு செய்து, பண்டிகையன்று முதல் வெடிக்கு முன்னரே கொடுக்க வேண்டும். ஆகவே புரட்டாசிக்குள் மருத்துவரைப் பாருங்கள். வீட்டிலிருக்கும் தூக்க மாத்திரையையோ பாராசிட்டமாலையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். இதுவரை வெடியைப் பொருட்படுத்தாமல் இருந்த நாய் வயதான பிறகு திடீரென்று பயப்படத் தொடங்கினால், இடுப்பிலோ மூட்டிலோ வலி இருக்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். வலியால் ஓசையச்சம் கூடுவதுண்டு.

2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்த நகரில் ஏறத்தாழ 2.79 லட்சம் தெரு நாய்கள் உள்ளன. அவற்றுக்கு உள்ளறையும் இல்லை, மருத்துவரும் இல்லை. சென்ற தீபாவளிக்கு எங்கள் குடியிருப்பின் காவலாளி, சங்கத்தில் சிலர் முணுமுணுத்தும் கேளாமல், மாடிப்படிக்குக் கீழே கோணி விரித்து, ஒரு வாளித் தண்ணீரும் வைத்து, எங்கள் தெரு நாய்கள் மூன்றை உள்ளே விட்டார். விடிந்து பார்த்தபோது நான்கு இருந்தன. நான்காவது எந்தத் தெருவுடையது என்று அவருக்கே தெரியவில்லை.

வணக்கம்.