கட்டளைக்கும் அடுத்த கட்டளைக்கும் நடுவில்

நேயர்களுக்கு வணக்கம். மென்பொருளைப் பற்றிப் பேச பெங்களூரில் ஒருவரை வானொலி நிலையத்துக்கு அழைத்து வர வேண்டுமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பேருந்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரே அந்தத் தொழிலில் இருக்கக்கூடிய ஊர் இது. கட்டற்ற மென்பொருள் ஒன்றை எழுதி முடித்து, அதன் மூலநிரலோடு, அதாவது எழுதிய நிரல் வரிகளோடு சேர்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வழங்கிவிடுகிறார்கள். அதைத் தன் கணினியில் ஏற்றிக்கொள்ள முயலும் ஒருவர், கூடவே வரும் நிறுவல் வழிகாட்டியின் மூன்றாவது வரியிலேயே நின்றுவிடுகிறார். அவரைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். வார நாட்களில் அலுவலகத்தில் நிரல் எழுதுவதும், ஓய்வு நாட்களில் இத்தகைய வழிகாட்டிகளைத் திருத்தி அவற்றை எழுதியவர்களுக்கு அனுப்பிவைப்பதும் என்னுடைய நெடுநாள் வழக்கம்.

நிரல்களைச் சேமித்துப் பகிர்ந்துகொள்ளும் இணையதளத்தை நடத்தும் கிட்ஹப் நிறுவனம், 2017 இல் இப்படி மூலநிரலைத் திறந்து வைக்கும் 'திறந்த மூல'த் திட்டங்களில் ஈடுபட்டிருப்பவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஆவணங்கள் முழுமையில்லாமலோ பழையதாகிப்போயோ இருப்பதைக் கண்டிருக்கிறோம் என்று 93 சதவீதத்தினர் சொன்னார்கள். பங்களிப்பாளர்களில் 60 சதவீதத்தினர், ஆவணப் பணிக்குத் தாங்கள் அரிதாகவே கைகொடுப்பதாகவோ கைகொடுப்பதே இல்லை என்றோ அதே கணக்கெடுப்பில் கூறியிருக்கிறார்கள். இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நிரலை எழுதியவரின் கணினியில் அந்த நிரலுக்குத் தேவையான எல்லாமே ஏற்கெனவே இருக்கின்றன என்பதே பெரிய இடையூறு. எத்தனையோ மாதங்களுக்கு முன், வேறு ஏதோ வேலைக்காக ஏற்றிவைத்த ஒரு நிரலகம், அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்களின் தொகுதி, இன்று இந்த மென்பொருளுக்கும் துணை நிற்கிறது என்பது அவர் நினைவிலேயே இருக்காது. ஆகவே அவர் வழிகாட்டியை எழுதி, தம்முடைய கணினியில் ஒருமுறை செய்து பார்த்து, சரியாக வருகிறது என்று மனநிறைவோடு வெளியிட்டுவிடுகிறார். வழிகாட்டியில் உள்ள அதே கட்டளையைப் புதிய கணினியில் தட்டுபவருக்கு, பைத்தான் என்ற நிரல் மொழிக்குரிய 'பைத்தான் டாட் எச்' என்ற கோப்பு காணப்படவில்லை என்ற செய்தியோடு வேலை நின்றுபோகிறது. அது கிடைக்க, லினக்ஸ் வகை இயங்குதளங்களான டெபியன், உபுண்டு உள்ள கணினிகளில் 'பைத்தான்3-டெவ்' என்ற தொகுப்பை நிறுவ வேண்டும். இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோராவில் அதே தொகுப்பின் பெயர் 'பைத்தான்3-டெவெல்'. இந்த இரண்டு பெயர்களையும் முதல் பத்தியில் எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

எந்த இயங்குதளம், அதில் எந்தப் பதிப்பு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லாத வழிகாட்டி, 'ஐந்தாவது கிராஸ், மூன்றாவது மெயின், பச்சைக் கதவு' என்று மட்டும் எழுதிக் கொடுத்த முகவரியைப் போன்றது. ஜெயநகரிலும் இந்திராநகரிலும் மல்லேஸ்வரத்திலும் ஐந்தாவது கிராஸ் இருக்கிறது என்பது நம் ஊரில் ஆட்டோ ஓட்டுபவர் எல்லோருக்கும் தெரியும். எழுதிக் கொடுத்தவர் மட்டும் தம் பேட்டையை விட்டு வெளியே வந்து யோசிக்கவில்லை.

இனி நான் எங்கே போனாலும் சொல்லும் கதை ஒன்று. என்னை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அல்சூரில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். சிவாஜி நகரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் அச்சான பழைய தமிழ்ச் சிற்றேடுகள், விழா மலர்கள், திருமண வாழ்த்து மடல்கள் என்று ஒரு பீரோ நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார். அவற்றை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்துத் தேடத்தக்க வடிவில் வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கென்று டெசராக்ட் என்ற மென்பொருள் இருக்கிறது. 1980களில் எச்.பி. நிறுவனத்தில் தொடங்கப்பட்டு, 2005 இல் மூலநிரல் திறந்து விடப்பட்டு, பின்னர் கூகுளின் ஆதரவோடு வளர்ந்தது, தமிழும் படிக்கும். பெரியவரிடம் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. பேரன் அதில் உபுண்டு போட்டுக் கொடுத்திருந்தான். டெசராக்டை நிறுவுவதற்கு யாரோ ஒரு தன்னார்வலர் எழுதியிருந்த வழிகாட்டியை அச்செடுத்தும் வைத்திருந்தார்.

நானே செய்துகொடுத்தால் சில நிமிட வேலைதான். ஆனால், "ஐயா, இதைப் பார்த்து நீங்களே செய்யுங்கள், நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்" என்றேன். "என்ன தம்பி, இந்த வயதில் எனக்குப் பரீட்சையா?" என்றார். "பரீட்சை அந்தத் தாளுக்கு, ஐயா" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

பிழை திருத்தியே வாழ்ந்தவர் ஒரு தாளைப் படிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். பேனா முனை ஒவ்வோர் எழுத்தின் அடியிலும் நகர்ந்து செல்கிறது. கட்டளை வரியின் தொடக்கத்தில் ஒரு டாலர் குறி அச்சிடப்பட்டிருந்தது. அதையும் சேர்த்தே தட்டினார். அப்படி ஒரு கட்டளை இல்லை என்று கணினி பதில் சொன்னது. கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திரையில் நாம் தட்டச்சு செய்ய வேண்டிய இடத்தைக் காட்டும் அடையாளமே அந்த டாலர் குறி என்பதும், அதைக் கட்டளையோடு சேர்க்கக் கூடாது என்பதும் பழகியவர்களுக்குத் தெரியும்; தாளில் எங்கும் எழுதப்படவில்லை. "அச்சில் இருக்கிற குறியை நானாக எப்படித் தம்பி விடுவது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தானே?

அடுத்து கடவுச்சொல். மென்பொருள் நிறுவ நிர்வாகியின் அனுமதி வேண்டும் என்பதால், 'சூடோ' என்று தொடங்கும் கட்டளை கடவுச்சொல்லைக் கேட்கிறது. அவர் கணினியில் இருந்த உபுண்டுவில், அதைத் தட்டும்போது திரையில் ஓர் எழுத்தும் தோன்றாது, நட்சத்திரக் குறியும் வராது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு அது. பெரியவர் தட்டினார், ஒன்றும் தெரியவில்லை. இன்னும் அழுத்தித் தட்டினார். பிறகு லேப்டாப்பைத் தூக்கி, விசைப்பலகையின் அடியில் ஊதிப் பார்த்தார். "பழைய சரக்கு வாங்கினால் இப்படித்தான்" என்று கடைக்காரரைக் கடிந்துகொண்டார். பாவம், அந்தக் கடைக்காரர் இதில் ஒரு குற்றமும் செய்யவில்லை. 'கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, தட்டி முடித்து என்டர் விசையை அழுத்துங்கள்' என்று ஒரே ஒரு வாக்கியம் அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டும்.

அதையும் தாண்டினார். நிறுவல் முடிந்தது என்று தாள் சொன்னது, கணினியும் அதை மறுக்கவில்லை. ஒரு பழைய வாழ்த்து மடலின் படத்தைக் கொடுத்து ஓடவிட்டார். திரையில் வந்து விழுந்தது ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் காற்புள்ளிகளும் கலந்த குப்பை. காரணம் எளிது. டெசராக்டை உபுண்டுவில் நிறுவும்போது ஆங்கிலத் தரவுதான் கூடவே வருகிறது. தமிழுக்கு, அதன் ஆங்கிலப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளான 'டாம்' என்று முடியும் தனித் தொகுப்பு ஒன்றை ஏற்ற வேண்டும், ஏற்றிய பிறகும் இயக்கும்போது 'மைனஸ் எல் டாம்' என்று மொழியைக் குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அது எந்தப் பக்கத்தையும் ஆங்கிலம் என்று எண்ணிக்கொண்டே படிக்கும். நிறுவியிருக்கும் மொழிகளின் பட்டியலைக் காட்டச் சொல்ல ஒரு கட்டளை உண்டு. நிறுவி முடித்ததும் அதைத் தட்டுங்கள், பட்டியலில் 'டாம்' இருக்கிறதா என்று பாருங்கள் என்று தாளில் எழுதியிருந்தால், தமிழ் விடுபட்டிருப்பதைப் பெரியவரே கண்டுபிடித்திருப்பார். விடுபட்டதைக் கண்டுபிடிப்பதுதானே அவருடைய தொழில்!

அன்று மாலைக்குள் அந்தத் தாளின் ஓரங்கள் சிவப்பு மையில் பிழைதிருத்தக் குறிகளால் நிறைந்துவிட்டன. அவற்றை அப்படியே வாக்கியங்களாக்கி வழிகாட்டியை எழுதியவருக்கு அனுப்பினேன். அவரும் மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொண்டார்.

இந்தக் கதையை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் உண்டு. வழிகாட்டிகளில் கட்டளைகள் இருக்கின்றன. ஒரு கட்டளையைத் தட்டிய பிறகு திரையில் என்ன தெரிய வேண்டும் என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. பழகாதவர் தடுமாறுவது இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான். எச்சரிக்கை போல ஏதோ மஞ்சள் நிறத்தில் ஓடுகிறது. அது ஆபத்தா, வழக்கமானதா? ஐந்து நிமிடமாக ஒன்றும் அசையவில்லை. காத்திருக்க வேண்டுமா, நிறுத்த வேண்டுமா? வானொலியில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக மீண்டும் சொல்கிறேன்: ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும், சரியாக நடந்தால் திரையில் என்ன தெரியும் என்று எழுதுங்கள், தவறினால் வழக்கமாக எந்தப் பிழைச்செய்தி வரும் என்பதையும் அதன் சொற்கள் மாறாமல் எழுதுங்கள், ஏனென்றால் மாட்டிக்கொண்டவர் அந்தச் சொற்களைத்தான் தேடுபொறியில் இடுவார். எழுதி முடித்ததும், எதுவும் ஏற்றப்படாத, கணினிக்குள்ளேயே மென்பொருளாக இயங்கும் புதிய மெய்நிகர் கணினி ஒன்றில் முதல் வரியிலிருந்து செய்து பாருங்கள். பிறகு பழக்கமில்லாத ஒருவரை உட்காரவைத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் இருங்கள். இதில் கடினமானது வாய் திறக்காமல் இருப்பதுதான், குறிப்பாக நம் ஊர்ப் பொறியாளர்களுக்கு.

வழிகாட்டிக்கு மூப்பும் உண்டு. ஓர் எழுத்தும் மாறாமலேயே அது பிழையாகிவிடும். பைத்தான் தொகுப்புகளைப் 'பிப்' என்ற கருவியால் நிறுவச் சொல்லும் ஒற்றை வரி எண்ணற்ற வழிகாட்டிகளில் இருக்கிறது. 2023 இல் வெளிவந்த டெபியன் 12, கணினியின் சொந்தப் பைத்தானில் அப்படி நேரடியாக நிறுவ மறுத்து, அந்தத் தொகுப்புகளுக்கென்று தனிச் சூழல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளச் சொல்கிறது. இயங்குதளம் நிர்வகிக்கும் தொகுப்புகளும் பயனர் ஏற்றும் தொகுப்புகளும் மோதிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் பழைய வழிகாட்டியை நம்பியவருக்குக் கிடைப்பது பிழைச்செய்தி. அந்தத் தடையை மீறுவதற்கான விருப்பத்தேர்வின் பெயரிலேயே 'கணினியின் தொகுப்புகளை உடைத்துவிடு' என்று இருக்கிறது. அவசரத்தில் அதையும் தட்டிவிடுகிறவர்கள் உண்டு. 1990களில் லினக்ஸ் ஆவணத் திட்டத்தார் வெளியிட்ட 'ஹவ்-டூ' ஆவணங்களின் தலைப்பிலேயே பதிப்பெண்ணும் தேதியும் இருக்கும். படிப்பவருக்கு, எத்தனை ஆண்டுப் பழைய அறிவுரையைப் பின்பற்றப்போகிறோம் என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். அந்த நல்ல பழக்கத்தைப் பலர் கைவிட்டுவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

நேரம் முடியப்போகிறது, நிறுவிய மென்பொருளை நீக்குவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும் என்று குறித்து வந்திருந்தேன். ஒரு வார்த்தை மட்டும் சொல்கிறேன்: எந்தக் கோப்புகள் எங்கே வைக்கப்படுகின்றன, வேண்டாம் என்றால் எப்படி எடுப்பது என்பதையும் நிறுவல் வழிகாட்டியிலேயே எழுதிவிடுங்கள், மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவும்போது இது மிகவும் தேவைப்படும். தமிழில் எழுதப்படும் வழிகாட்டிகளைப் பற்றிய பகுதியை அப்படியே விட்டுவிடுகிறேன். நிரல் எழுதத் தெரியாத நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எந்த வரியில் நின்றுபோனீர்கள், எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பு, திரையில் அப்போது என்ன வந்தது என்ற விவரங்களைத் திட்டத்தாருக்கு எழுதி அனுப்புங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, பிழைச்செய்தியை மட்டும் மாற்றாமல் அப்படியே ஒட்டிவிடுங்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.